குழாயில் வேகம் இல்லை

நான்கு எடைத்தட்டுகளின் மேல் கார் நிற்கிறது. ஓட்டுநரோடு சேர்த்து 2,280 பவுண்டு. டைனோ தாளில், சக்கரத்தில் அளந்த குதிரைத்திறன் 128. போன வருடமும் இதே கணக்குதான். இதே எஞ்சின், இதே கியர்பாக்ஸ், இதே டயர், ஓட்டுகிறவரும் இதே ஆள். மாறியது ஒன்றே ஒன்று. போன வருடம் இவையெல்லாம் மாஸ்டா மியாட்டாவின் கம்பெனிக் கூட்டுக்குள் இருந்தன; இந்த வருடம் நாங்களே வளைத்து வெல்டு வைத்த இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் இருக்கின்றன. பரிசோதனைக்கு வந்தவர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். மண்டியிட்டு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். படிவத்தில் வகுப்பு எழுதியிருந்த கட்டத்தை அடித்துவிட்டு, மூன்று படி மேலே இருக்கும் வகுப்பை எழுதினார். "டியூப் ஃப்ரேம்" என்றார். மேற்கொண்டு கேட்டதற்கும் அதே பதில்தான்.

அந்த மேல் வகுப்பில் ஒரு குதிரைத்திறனுக்குப் பத்து பவுண்டு எடை என்பது கணக்கு. எங்கள் காருக்குக் கிட்டத்தட்ட பதினெட்டு. அதாவது, எங்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தெம்புள்ள கார்களோடு ஒரே பரிசுக்கு ஓட வேண்டும்.

"விடுங்க தம்பி, வந்ததுக்கு ஓட்டிட்டுப் போலாம்" என்று காரை ஓட்டும் அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். கோவை பீளமேட்டுப் பம்புசெட் பட்டறையில் லேத்தும் வெல்டிங்கும் பழகியவர். மிச்சிகனுக்கு வந்து முப்பது வருடமாக அச்சு செய்யும் வேலை. அன்று அரை மணி நேரமும் அவர் முன்னால் பார்த்து ஓட்டவில்லை, கண்ணாடியைப் பார்த்துத்தான் ஓட்டினார். நேர்ச்சாலை வந்தாலே, வழிவிடு என்று நீலக்கொடி. இறங்கியபோது முகத்தில் களைப்பைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது. அந்த வெட்கத்துக்கு உரிய எந்தத் தப்பும் அவர் செய்யவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். எந்தப் பந்தயச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை. குழாய் என்றாலே மேலே தள்ளும் இந்த எண்ணம் ஒரு சங்கத்தோடு நிற்பதல்ல.

அமெரிக்காவில் சொந்தப் பணத்தில், வாரக் கடைசியில், கூலி வாங்காமல் கார் பந்தயம் ஓட்டுகிறவர்கள் ஏராளம். 1944இல் தொடங்கிய எஸ்.சி.சி.ஏ., 1991இல் தொடங்கிய நாசா (இது ராக்கெட் விடும் நாசா அல்ல, நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன்) ஆகியவை இவர்களுடைய பெரிய சங்கங்கள். இந்த விளையாட்டுக்கு உயிர் விதிப்புத்தகம். எந்தக் காரோடு எந்தக் கார் மோதலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. வகுப்பு சரியாகப் பிரிந்தால் பத்து வருடப் பழைய காரை வைத்திருக்கும் ஆசிரியரும் கடைசிச் சுற்று வரை போராடலாம். தப்பாகப் பிரிந்தால் அடுத்த வருடம் அவர் வரமாட்டார்.

அந்தப் பிரிப்பில் ஊறிப்போன நம்பிக்கை ஒன்று உண்டு. குழாய்ச் சட்டக் கார் என்றால் அது பிறவியிலேயே வேகமானது, பணக்காரனுடையது, அளக்க முடியாதது. ஆகவே அதை மேலே தள்ளு, அல்லது கூடுதல் சுமை போடு, அல்லது வாசலிலேயே நிறுத்து. இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. என்னோடு சாப்பிடுகிறவர்கள், ராத்திரி பதினொரு மணிக்கு ஜாக்கி கேட்டால் எழுந்து வந்து தருகிறவர்கள். ஆனால் அவர்கள் சொல்வது தவறு. மூன்றுமே தவறு.

முதலில் வேகம். ஷோரூமிலிருந்து வரும் காருக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. தகட்டை அச்சில் அழுத்தி, பெட்டி பெட்டியாக மடித்து, ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஸ்பாட் வெல்டு வைத்துக் கூடாக்கியிருப்பார்கள். கூடே சட்டம், சட்டமே கூடு. குழாய்ச் சட்டம் வேறு மாதிரி. அதில் பாரத்தை எலும்புக்கூடு தாங்கும். மேலே இருக்கும் தகடோ ஃபைபரோ வெறும் தோல். இரண்டில் எது எடைக்குக் கூடுதல் விறைப்பு என்று தெரிய வேண்டுமா? மூடி போட்ட பிஸ்கட் டின் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அசையாது. அதே எடைக்குக் கம்பி வாங்கி, அதே அளவில் கூண்டு கட்டி முறுக்குங்கள். கையோடு வரும். தகடு முழுப் பரப்பாலும் முறுக்கத்தைத் தாங்குகிறது. குழாய் தன் நீளவாக்கில் மட்டுமே தாங்குகிறது. குறுக்குக் குழாய் போட்டுப் போட்டு ஈடுகட்டலாம், ஆனால் ஒவ்வொரு குறுக்குக்கும் எடை உண்டு.

இது ஏதோ புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1962இல் லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் தம் வாடிக்கையாளர்களுக்குக் குழாய்ச் சட்டம் கொண்ட லோட்டஸ் 24ஐ விற்றார். தம் சொந்த அணிக்கு மட்டும் தகட்டுக்கூடு கொண்ட லோட்டஸ் 25ஐ வைத்துக்கொண்டார். வாங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது தனிக் கதை. அடுத்த வருடம் ஜிம் கிளார்க் அந்த 25இல் உலகப் பட்டம் வென்றார். சில வருடங்களில் ஃபார்முலா 1இல் வெறும் குழாய்ச் சட்டம் மறைந்துபோனது. வேகத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் குழாயை விட்டு ஓடினார்கள். நம் சங்கங்களோ, வேகத்தின் ரகசியமே குழாய்க்குள்தான் இருக்கிறது என்பதுபோல விதி எழுதுகின்றன.

போர்ஷே 917 குழாய்ச் சட்டம்தானே, 1970இலும் 1971இலும் லே மான்ஸில் வென்றதே என்று கேட்பார்கள். ஆம், மெல்லிய, இலேசான உலோகக் குழாய். விரிசல் விட்டால் தெரிய வேண்டும் என்று குழாய்களுக்குள் காற்றழுத்தம் நிரப்பிவைத்த கார் அது. அதை முன்னே தள்ளியது பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினும் அதைச் செய்த மூளைகளும். விரிசலுக்குப் பயந்து காற்றடைக்க வேண்டியிருந்த சட்டம் அந்தக் காரின் பலம் அல்ல.

சாலைக் காரின் உருவத்தில் ஓடும் பந்தயத்திலேயே உதாரணம் வேண்டுமென்றால் 1988ஆம் வருடத்து டிரான்ஸ்-ஆம் தொடர் இருக்கிறது. அப்போது அங்கே முன்வரிசையில் நின்ற பெரிய வி8 கார்கள் எல்லாம் குழாய்ச் சட்டத்தின் மேல் கமாரோ, மஸ்டாங் போன்றவற்றின் தோல் போர்த்தியவை. அதற்குள் ஆடி நிறுவனம் 200 குவாட்ரோ என்ற நான்கு கதவுக் குடும்பக் காரைக் கொண்டுவந்தது. கூடு தொழிற்சாலையில் அழுத்திய கூடுதான். எஞ்சின் ஐந்து சிலிண்டர், டர்போ. நான்கு சக்கரத்துக்கும் இழுவை. பதின்மூன்று பந்தயங்களில் எட்டை வென்றார்கள். ஹர்லி ஹேவுட் பட்டம் எடுத்தார். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? தொடரின் நடுவிலேயே எடையை ஏற்றினார்கள், காற்று புகும் வாயைச் சுருக்கினார்கள், பிறகு நான்கு சக்கர இழுவைக்கே கதவைச் சாத்தினார்கள். அது நியாயமா என்று வாதிடலாம். ஆனால் ஒன்றை அவர்கள் சரியாகச் செய்தார்கள். வேகம் எங்கிருந்து வருகிறது என்று தேடி, அந்த இடத்தில் கை வைத்தார்கள். அந்த வருடம் 'கம்பெனிக் கூடு உள்ள கார்கள் எல்லாம் மேல் வகுப்புக்குப் போங்கள்' என்று யாராவது விதி எழுதியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். அதையே தலைகீழாக்கி இன்று எழுதிவைத்துக்கொண்டு யாரும் சிரிக்காமல் இருக்கிறோம்.

இன்னொன்று. கம்பெனிக் கூடு என்று எதைச் சொல்கிறார்கள் என்று பேடாக்கில் நடந்து போய்ப் பாருங்கள். கார்க் கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றரை அங்குல விட்டத்தில் இரும்புக் குழாய்கள். தலைக்கு மேல் ஒரு வளைவு, கதவுப் பக்கம் இரண்டு மூன்று, அங்கிருந்து டேஷ்போர்டைத் துளைத்து முன் சஸ்பென்ஷன் கோபுரம் வரை, பின்னாலும் அதே மாதிரி. பாதுகாப்புக்கு என்று தொடங்கிய ரோல் கேஜ்தான். ஆனால் நன்றாகச் செய்த கேஜ் காரின் விறைப்பில் பெரும் பங்கைச் சுமக்கிறது என்பது அதைச் செய்த ஒவ்வொருவருக்கும் தெரியும். பழைய கூடுகளில் பின்பக்க நீளச்சட்டம் துருப்பிடித்திருந்தால் அதை வெட்டியெடுத்துவிட்டுச் சதுரக் குழாய் வைப்பார்கள். தளம் போயிருந்தால் தளத்தையும். எந்தக் குழாயோடு அது கம்பெனிக் கூடாக இருப்பதை நிறுத்துகிறது? ஏழாவதா, பதினேழாவதா? கூரைத் தகடும் கதவுச் சட்டமும் எஞ்சியிருக்கும்வரை அது 'நிஜக் கார்'. அதையும் கழற்றிவிட்டால் 'பிறவி வேகம்'. கோடு போட முடியாத இடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள்.

எதிர்வாதத்தில் உள்ள உண்மையையும் சொல்லியாக வேண்டும். குழாய்ச் சட்டம் கட்டுகிறவனுக்குச் சுதந்திரம் உண்டு. சஸ்பென்ஷன் கைகள் மாட்டும் புள்ளிகளை விரும்பிய இடத்தில் வைக்கலாம். எஞ்சினைப் பின்னுக்கும் கீழுக்கும் தள்ளலாம். சட்டமும் தோலும் இலேசாக இருப்பதால் மிச்சமாகும் எடையை ஈயக்கட்டியாகத் தரைமட்டத்தில் பதிக்கலாம். இதனால் வரும் பலன் நிஜம். எவ்வளவு நிஜம் என்று கணக்கே போட்டுவிடலாம். 2,280 பவுண்டு கார். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே 56 அங்குலம். வளைவில் பக்கவாட்டு விசை காரின் எடைக்குச் சமமாக இருக்கும்போது, ஈர்ப்பு மையம் 18 அங்குல உயரத்தில் இருந்தால் உள்பக்க டயர்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் பாரம் சுமார் 733 பவுண்டு. மையத்தை ஓர் அங்குலம் இறக்கினால் 692. சுமார் நாற்பத்தொரு பவுண்டு குறைகிறது. நான்கு டயர்களும் கொஞ்சம் சமமாக உழைக்கும். சுற்றுக்கு விநாடியில் பத்தில் சில பங்கு கிடைக்கலாம். போட்டியில் அது பெரிய விஷயம்தான்.

ஆனால் பாருங்கள், இந்த மூன்றில் எதுவுமே குழாயின் குணம் அல்ல. எல்லாம் இடத்தின் குணம். எங்கள் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். மியாட்டாவில் முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன் கைகளைத் தாங்குவது கூடு அல்ல. போல்ட்டுப் போட்டு மாட்டிய இரண்டு சப்ஃபிரேம்கள். அவற்றை அப்படியே கழற்றி எங்கள் சட்டத்தில் அதே இடைவெளியில் மாட்டினோம். கைகள் மாட்டும் புள்ளிகள் ஒன்றுகூட நகரவில்லை. கியர்பாக்ஸையும் பின் டிஃபரென்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியத் துண்டும் அதேதான். ஆகவே எஞ்சினைப் பின்னே தள்ள இடமே இல்லை. குறைந்த எடையை ஈடுகட்டப் போட்ட ஈயத்தை அண்ணன் தரையில் பதிக்கவில்லை, ஓட்டுநரின் இடுப்பு உயரத்தில் குறுக்குக் குழாயோடு சேர்த்து மாட்டினார். "நாளைக்கு யாராச்சும் கேட்டா நெஞ்சு நிமித்திச் சொல்லோணும் தம்பி" என்றார். யாரும் கேட்கவில்லை. குழாயைப் பார்த்ததோடு பரிசோதனை முடிந்துவிட்டது.

மறுபக்கம், பல விதிப்புத்தகங்களில் கம்பெனிக் கூட்டுக் காரில் எதையெல்லாம் அனுமதிக்கிறார்கள்? சந்தையில் வாங்கிய சரிசெய்யும் கைகள், புள்ளியை இடம் மாற்றும் பால் ஜாயின்ட்டுகள், சீக்வென்ஷியல் கியர்பாக்ஸ், டிரை சம்ப் போட்டுக் கீழே இறக்கிய எஞ்சின், கார்பன் ஃபைபர் மூடியும் கதவும். ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று சுமை போட்டுக்கொண்டு ஓடலாம். அதுதான் சரியான முறை. அகலமான டயருக்கு ஒரு கணக்கு, பின்னிறக்கைக்கு ஒரு கணக்கு என்று வைத்திருக்கிறார்கள் அல்லவா? அதே போலப் புள்ளி நகர்ந்திருந்தால் இவ்வளவு, எஞ்சின் பின்னே போயிருந்தால் அங்குலத்துக்கு இவ்வளவு, ஈர்ப்பு மையம் இறங்கியிருந்தால் இவ்வளவு என்று வையுங்கள். நாங்கள் தயார். காசு கொடுத்து வாங்கிய அனுகூலத்துக்கு விலைப்பட்டியல், கையால் செய்த சட்டத்துக்கு மட்டும் நாடுகடத்தல் என்றால் அதை எப்படி ஏற்பது?

ஈர்ப்பு மையத்தை எப்படி அளப்பது என்று கேட்டார் ஒரு நண்பர். நான்கு எடைத்தட்டு, இரண்டு ஜாக்கி, ஒரு ரசமட்டம் போதும். சஸ்பென்ஷன் அமுங்காதபடி டாம்பருக்குப் பதில் கெட்டிக் கம்பி மாட்ட வேண்டும். காரைச் சமதளத்தில் நிறுத்தி முன் சக்கரங்களின் பாரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னச்சை ஒன்றேகால் அடி தூக்குங்கள். முன்பக்கம் பாரம் கூடும். எவ்வளவு கூடியது, எவ்வளவு தூக்கினோம், அச்சுகளுக்கு இடையே எவ்வளவு தூரம், மொத்த எடை எவ்வளவு, சக்கரத்தின் மையம் எவ்வளவு உயரம்: இந்த ஐந்தும் தெரிந்தால் மையத்தின் உயரத்தைப் பத்தாம் வகுப்புக் கணக்கில் எடுக்கலாம். அண்ணனின் கராஜில் ஒரு ஞாயிறு மதியம் செய்தோம். இரண்டு மணி நேரம் ஆனது, அதில் அரை மணி டீக்கு. வருடத்தில் ஒரு தடவை செய்து காரின் பதிவேட்டில் எழுதிக்கொடுத்தால் போதும்.

அளக்க முடியாது என்ற குற்றச்சாட்டுக்கு இதுவே பாதிப் பதில். மீதிப் பாதி எஸ்.சி.சி.ஏ.வின் விதிப்புத்தகத்திலேயே வெகு காலமாக இருக்கிறது. ரோல் கேஜ் குழாயில் ஓரிடத்தில் 3/16 அங்குலத் துளை போட்டுவைக்கச் சொல்வார்கள், சுவரின் தடிமனைப் பார்ப்பதற்கு. குழாய் நேர்மையான பொருள். விட்டம் வெளியே தெரிகிறது, தடிமன் துளையில் தெரிகிறது, வெல்டு கண்ணுக்குத் தெரிகிறது. கம்பெனிக் கூட்டில் இரண்டு தகடுகளுக்கு நடுவே யார் என்ன நிரப்பினார்கள், எந்தத் தகட்டை அமிலத்தில் ஊறவைத்து மெலிய வைத்தார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. அதே சங்கத்தின் ஜி.டி. வகுப்புகளில் எஞ்சின் கொள்ளளவுக்கு இவ்வளவு எடை என்று அட்டவணை போட்டு, குழாய்ச் சட்டமும் கம்பெனிக் கூடும் ஒரே வகுப்பில் பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. முடியாது என்று சொல்லப்படுவது நடந்துகொண்டேதான் இருக்கிறது.

இனி பணம். எனக்கு அதிகம் கோபம் வருவது இங்கேதான்.

1967இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் ஃபார்முலா ஃபோர்டு பந்தயம் தொடங்கியது. குறைந்த செலவில் ஓட்டப் பழகுவதற்கு என்றே பிறந்த வகுப்பு. சாதாரண ஃபோர்டு எஞ்சின். சட்டம்? இரும்புக் குழாயில்தான் இருக்க வேண்டும், தகட்டுக்கூடு கூடாது என்று விதியே எழுதினார்கள். பணக்காரன் தகட்டுக்கூட்டோடு வந்து ஏழையை மிதித்துவிடக் கூடாதே என்ற கவலை. குழாய் அங்கே சாமானியனின் கவசம். 1984இல் அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் ரெனோ என்ற பெயரில் வந்து, பிறகு ஸ்பெக் ரேசர் ஃபோர்டு ஆன கார் எஸ்.சி.சி.ஏ.வில் மிக அதிகம் பேர் ஓட்டிய கார்களில் ஒன்று. முத்திரை வைத்த எஞ்சின், ஃபைபர் தோல், அடியில் இரும்புக் குழாய்ச் சட்டம். அதை யாரும் பணக்காரனின் பொம்மை என்று சொன்னதில்லை.

இவ்வளவு தூரம் போவானேன். நம் கோயம்புத்தூரில் கரிவரதன் எண்பதுகளின் கடைசியில் ஃபார்முலா மாருதியைச் செய்தபோது எதைக் கையில் எடுத்தார்? மாருதி 800இன் எஞ்சின், இரும்புக் குழாய். இந்தியாவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைச் சாதாரண ஓட்டுநர்களின் கைக்கு எட்டச் செய்தது அந்தக் குழாய்தான். நரேன் கார்த்திகேயன் முதல் பந்தயம் ஓட்டியது அதில்தான். 2005இல் அவர் ஃபார்முலா 1 போனார். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். கோவைக்கு வெளியே அவர் பெயரில் ஓடுதளம் இருக்கிறது. அண்ணன் அந்தக் காலத்தில் ஃபார்முலா மாருதியைப் பக்கத்தில் நின்று தொட்டுப் பார்த்தவர். "பெரிய வித்தையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பீளமேட்டுல எந்தப் பட்டறையிலும் செய்யலாம்னு தோணுச்சு. அதான் அதுல பெருசு" என்பார். எந்தப் பட்டறையிலும் செய்யலாம் என்பதுதான் குழாய்ச் சட்டத்தின் குணம். அதைத்தான் இங்கே ஆடம்பரம் என்கிறார்கள்.

நாங்கள் ஏன் குழாய்க்குப் போனோம் என்று சொல்கிறேன். மிச்சிகனில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள். இருபத்தைந்து வருடம் உப்பு தின்ற மியாட்டாவின் கதவடி விளிம்பை ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே போனது. நல்ல கூடு தேடினோம். நல்ல கூடு கிடைத்தால் அதை முழுக் காராக யாரோ ஆசையாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள், விலையும் அப்படி. கூட்டுக்காக ஒரு நல்ல காரைக் கொல்ல அண்ணனுக்கு மனம் வரவில்லை. இரும்புக் கடைக்குப் போய் இருபது அடி நீளக் குழாய்கள் வாங்கினோம். ஒவ்வொரு இணைப்புக்கும் குழாயின் முனையை மீன் வாய் போல வளைவாகக் குடைந்து, மற்றதன் மேல் வெளிச்சம் தெரியாதபடி உட்காரவைக்க வேண்டும். அண்ணன் ஒவ்வொன்றையும் உட்காரவைத்துவிட்டு, பின்னால் பல்பைப் பிடிக்கச் சொல்லிப் பார்ப்பார். நூல் அளவு வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி கிரைண்டர். பிறகுதான் டிக் வெல்டிங். ஆர்கான் வாயு ஓடும் அந்த மெல்லிய சீறல் சத்தம், அடுக்கிவைத்த காசு போல வரிசையாகப் படியும் வெல்டு. நான்கு மாதம், வார நாளில் ராத்திரி, வாரக் கடைசியில் பகல். செலவில் பெரும்பங்கு எங்கள் தூக்கம்.

கட்டிய பிறகு ஒரு பயிற்சி நாளில் மழையில் வழுக்கி முன்பக்கம் டயர்ச் சுவரில் போய் இடித்தது. இடது முன் மூலையில் மூன்று குழாய் வளைந்தது. கம்பெனிக் கூடாக இருந்தால் முன் நீளச்சட்டம் மடங்கியிருக்கும். அதை இழுத்து நேராக்கத் தனி மேடை உள்ள பட்டறைக்குப் போக வேண்டும், அல்லது கூட்டையே தூக்கிப் போட வேண்டும். நாங்கள் இரண்டு ராத்திரியில் வெட்டி, புதிதாக மூன்று குழாய் வைத்து, அளவு நாடா பிடித்துக் குறுக்களவு சரிபார்த்து, அடுத்த வாரமே ஓட்டினோம். மூன்று குழாயின் விலை ஒரு டயரின் விலைகூட இல்லை. பணமில்லாதவன் இந்த விளையாட்டில் நீடிக்க வேண்டுமென்றால் இடித்த பிறகு மீள முடிய வேண்டும். ஓட்டுநர்கள் விட்டுப்போவது பெரும்பாலும் தோல்வியால் அல்ல. ஒரு விபத்துக்குப் பிறகு வரும் ரசீதால்.

உயிர் விஷயமும் இருக்கிறது. மியாட்டா சிறிய கார். ஆறடி ஆள் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தால் தலை கேஜின் வளைவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஹார்ட்டாப் கூரை அதற்கு மேல் வளைவை உயர்த்த விடாது. சொந்தமாகச் சட்டம் கட்டுகிறவன் ஓட்டுநரை உட்காரவைத்து அளந்து, தலைக்கு மேல் விரற்கடை எண்ணி வளைவை வைக்கிறான். பக்கத்துக் குழாயை இடுப்பிலிருந்து எட்ட நிறுத்துகிறான். பாதுகாப்பாகக் கட்டியவனைத் தண்டிக்கும் விதியை, பாதுகாப்பைப் பற்றி இவ்வளவு பேசும் சங்கங்கள் எப்படி மனமொப்பி வைத்திருக்கின்றன என்று எனக்குப் புரியவில்லை.

கடைசியாக ஒரு வாதம் உண்டு, அது மனசு சம்பந்தப்பட்டது. ஜனங்கள் தெருவில் பார்க்கும் காரைத்தான் பந்தயத்திலும் பார்க்க விரும்புகிறார்கள். குழாயை உள்ளே விட்டால் நிஜக் கார்கள் அழிந்துவிடும். ஒரே மாடல் கார்கள் மட்டும் ஓடும் வகுப்புகளுக்கு இது முழுக்கப் பொருந்தும். ஸ்பெக் மியாட்டா போன்றவற்றில் கை வைக்கச் சொல்லவே இல்லை. அங்கே கூடு கூடாகவே இருக்கட்டும். நான் பேசுவது எடைக்கும் திறனுக்கும் உள்ள விகிதத்தால் பிரிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் திறந்த வகுப்புகளைப் பற்றி. அங்கே நிஜக் கார்களை அழிப்பது குழாய் அல்ல, காலம். தொண்ணூறுகளின் இலேசான கார்கள் துருப்பிடித்துத் தீர்ந்துகொண்டிருக்கின்றன. இன்றைய மஸ்டாங் 3,700 பவுண்டைத் தொடுகிறது. இன்றைய காரில் ஏதோ ஒரு சென்சாரைக் கழற்றினால் கம்ப்யூட்டர் கோபித்துக்கொண்டு எஞ்சினின் திறனைக் குறைக்கக்கூடும். இன்னும் பத்து வருடத்தில் சாமானியன் பந்தயக் காராக்கும்படி எந்தக் கூடு கிடைக்கும்? நல்ல எஞ்சினும் கியர்பாக்ஸும் இருந்து, கூடு மட்டும் போன கார்கள் பழைய இரும்புக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. அவற்றுக்கு இரண்டாவது உயிர் கொடுக்க இரும்புக் குழாயும் பொறுமையும் போதும்.

சங்கத்தின் விதிக்குழுவுக்கு உறுப்பினர் யாரும் கடிதம் எழுதலாம். எங்கள் கடிதம் ஒன்றரைப் பக்கம். 'குழாய்ச் சட்டம்' என்ற சொல் வரும் வரியை நீக்குங்கள். அந்த இடத்தில் சஸ்பென்ஷன் புள்ளி, எஞ்சின் இருக்கும் இடம், ஈர்ப்பு மையத்தின் உயரம், எடைக்கட்டியின் உயரம் என்று நான்கு வரி சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சுமை என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அளந்த தாளையும், எடைக்கட்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் படத்தையும் இணைத்திருக்கிறோம். அண்ணன் கையெழுத்துப் போடும் முன் அந்தப் படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார். ஈயக்கட்டியின் போல்ட் ஒன்றில் அடையாளப் பெயின்ட் படத்தில் சரியாகத் தெரியவில்லை என்றார். எழுந்து கராஜுக்குப் போய் விளக்கைப் போட்டார்.